கணனி வரைதலில் ஆள்கூறும் இடப்பெயர்ச்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

கணனித் திரையில் வரையப்பட்ட ஓர் உருவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்துதல், படவரைஞர் நாள்தோறும் செய்யும் தொழில்களுள் மிக எளியது எனக் கருதப்படுவது. உருவைத் தெரிந்து, வேண்டிய எண்களை விசைப்பலகையிற் பொறித்தால் அது குறித்த இடத்தைச் சென்றடைய வேண்டும். ஆயினும் எண்களைப் பிழையறப் பொறித்தும் உரு பிறிதோரிடத்திற் சென்று நின்ற அனுபவம் இத்துறையிற் பயில்வோர் பலருக்கு உண்டு. சிலவேளை உரு திரையை விட்டே மறைந்துவிடும். இத்தகைய வழுக்கள் பெரும்பாலும் வரைந்தவரின் கவனக்குறைவு என்றே கொள்ளப்படுகின்றன. மாணவனாயின் கண்டிக்கப்படுகிறான், தொழில் புரிபவராயின் அவரது திறமை ஐயத்திற்குள்ளாகிறது.

இக்கொள்கை முற்றிலும் பொருந்துவதன்று என்பதே எமது கருத்தாகும். இவ்வழுக்களுட் பெரும்பாலானவை, ஆள்கூறு என்னும் எண்ணக்கருவினுள்ளே தொடக்கந்தொட்டு உறைந்திருக்கும் ஓர் இருபொருட்டன்மையிலிருந்து பிறப்பன. வரைதல் மென்பொருள்களின் வளர்ச்சிப் போக்கில் நேர்ந்த மாற்றங்கள் அவ்விருபொருட்டன்மையை மேலும் மறைத்துவிட்டன. இவ்விரண்டையும் வரலாற்று முறையில் நோக்கி, வழுவின் மூலத்தைக் கண்டறியும் நெறியொன்றை வகுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மென்பொருள்கள் பலவாயினும், மிகப் பரவலாக வழங்குவதும் எமது மாணவர் பெரிதும் அறிந்ததுமான ஓட்டோகாட் என்பதையே எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

2. இடமும் இடப்பெயர்ச்சியும்

ஒரு புள்ளியின் இடத்தை எண்களாற் குறிக்கும் முறையை றெனே தெக்காட்டின் பெயரால் வழங்குகிறோம். அவர் 1637ஆம் ஆண்டில் வெளியிட்ட கேத்திரகணித நூலே அட்சரகணிதத்தையும் கேத்திரகணிதத்தையும் ஒன்றிணைத்தது. அதே காலத்தில் பெர்மாவும் தனித்து இதனையொத்த முறையொன்றைக் கண்டிருந்தார். எனினும், இன்று பாடசாலையிற் கற்பிக்கப்படும் ஒன்றுக்கொன்று செங்குத்தான நிலையான ஈரச்சுக்கள் தெக்காட்டின் நூலில் அவ்வடிவிற் காணப்படவில்லை. அவர் ஆராயும் வளையிக்கு ஏற்ற ஒரு கோட்டையும் அக்கோட்டில் ஒரு புள்ளியையும் தாமே தெரிந்து, அதிலிருந்து நீளங்களை அளந்தார். இது ஊன்றி நோக்கத்தக்கது. ஆள்கூறு என்பது இயற்கையில் ஒரு புள்ளியோடு பிறந்த பெயரன்று. மனிதன் தெரிந்த ஓர் உற்பத்தியிலிருந்து எடுத்த அளவேயாகும். உற்பத்தி மாறின் எண்களும் மாறும். புள்ளியோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் இரண்டாவது கருத்தொன்று உருப்பெற்றது. 1843இல் நாலெண்களைக் கண்ட ஹமில்ரனும், 1844இல் தமது நூலை வெளியிட்ட கிராஸ்மனும் பருமனும் திசையும் உடைய கணியங்களைத் தனியே கையாளும் வழியை வகுத்தனர். ஹமில்ரன் அதற்கு இட்ட பெயர் சுமந்து செல்வது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லாகும். எமது கலைச்சொல்லாக்க முன்னோர் அதனைக் ‘காவி’ எனத் தமிழாக்கினர். காவுதல் என்பது ஈழத்து வழக்கிற் சுமந்து செல்லுதலாதலின் இப்பெயர் மூலச்சொல்லின் உட்பொருளையே தாங்கி நிற்கிறது எனலாம்.

இடமும் காவியும் வெவ்வேறானவை. ‘(60, 20) என்னும் புள்ளி’ என்பது ஓரிடத்தைக் குறிக்கும். ‘60 கிழக்கே, 20 வடக்கே’ என்பது ஓர் இடப்பெயர்ச்சியைக் குறிக்கும். முன்னதற்கு உற்பத்தி வேண்டும். பின்னதற்கு உற்பத்தி வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் எழுதப்படும்போது ஒரே எண்சோடியாகவே தோன்றுகின்றன. ஒரே எழுத்து இருபொருள் தருமிடத்துக் கேட்போர் சூழலைக் கொண்டு பொருள் உணர்வர். பொறிக்கு அவ்வாற்றல் இல்லை. அதற்கு முன்கூட்டியே ஒரு விதி விதித்தல் வேண்டும். அவ்விதி யாது, எக்காலத்தில் எவ்வாறு மாறியது என்பதே நாம் இனி ஆராய்வது.

3. வரைபலகையிலிருந்து பொறிக்கு

தாளில் வரைந்த காலத்தில் இச்சிக்கல் தோன்றவில்லை. வரைஞர் ஏற்கெனவே உள்ள கோடொன்றிலிருந்து கவராயத்தாலோ அளவுகோலாலோ தூரத்தை எடுத்து மறுபுறத்திற் குறிப்பார். எங்கிருந்து அளக்கிறோம் என்பதைக் கவராயத்தின் ஊன்றிய கால் கண்ணுக்குக் காட்டிக்கொண்டேயிருக்கும். உருவை நகர்த்துதல் என்ற தொழிலும் அங்கே இல்லை; அழித்து மீள வரைதலே உண்டு.

எண்களை உண்டு இயங்கும் பொறி வந்த பின்னரே வினா எழுந்தது. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1952ஆம் ஆண்டில் எண்முறைக் கட்டுப்பாட்டில் இயங்கும் உலோகம் வெட்டும் பொறியொன்று செய்து காட்டப்பட்டது. துளையிட்ட நாடாவிலுள்ள எண்கள் அதன் கருவியைச் செலுத்தின. இவ்வகைப் பொறிகளுக்குப் பின்னர் நிலைபெற்ற கட்டளை மொழியில் இரு கட்டளைகள் இடம்பெற்றன. ஜீ 90 என்பது ‘இனி வரும் எண்களை உற்பத்தியிலிருந்து அளந்த இடங்களாகக் கொள்க’ எனப் பணிக்கும். ஜீ 91 என்பது ‘இப்போது நிற்கும் இடத்திலிருந்து அளந்த பெயர்ச்சிகளாகக் கொள்க’ எனப் பணிக்கும். ஒன்றை இட்டால் மற்றதை இடும்வரை அது நீடிக்கும். முன்னைய வேலைக்கு இட்ட கட்டளை மாற்றப்படாது விடப்பட்டால், அடுத்த வேலையிற் கருவி எதிர்பாராத இடத்திற் பாய்ந்து உலோகத்தைக் கெடுக்கும். தனியாள்கூறு, சாராள்கூறு என்னும் வேறுபாடு ஏட்டுக் கணிதத்தை விட்டு இறங்கி, கைத்தொழிலில் நட்டம் விளைவிக்கும் ஒன்றாக மாறிய நிலை இதுவேயாம்.

கணனித் திரையில் வரையும் கலை மற்றொரு வழியாகத் தோன்றியது. 1963ஆம் ஆண்டில் ஐவன் சதலன்ட் அதே நிறுவகத்திற்குச் சமர்ப்பித்த கலாநிதிப்பட்ட ஆய்வேட்டில் ‘ஸ்கெச்பாட்’ என்னும் தொகுதியை விளக்கினார். லிங்கன் ஆய்வுகூடத்தின் ரீஎக்ஸ்-2 கணனியில் அது இயங்கியது. வரைபவர் ஒளிப்பேனாவால் திரையைச் சுட்டுவார். பேனா ஒரு கோட்டையோ புள்ளியையோ அணுகினால், பொறி அதனைச் சரியாக அப்புள்ளியிலேயே ஊன்றியதாகக் கொள்ளும். கை நடுக்கத்தைப் பொறி திருத்திக்கொள்ளும் இவ்வேற்பாடு பிற்கால மென்பொருள்களில் உள்ள, உருக்களின் முனைகளைத் தானே பற்றும் வசதிக்கு முன்னோடியாகும். இங்கே வரைபவர் பொறிக்கு இடத்தைச் சுட்டிக் காட்டினாரேயன்றி எண்ணாற் சொல்லவில்லை.

ஆகவே கணனி வரைதலுக்கு இரு மரபுகள் உள்ளன. ஒன்று எண்ணாற் சொல்லும் மரபு. மற்றது சுட்டிக் காட்டும் மரபு. இன்றைய மென்பொருளில் இரண்டும் ஒரே கட்டளைக்குள் கலந்துள்ளன. கலந்த இடத்திலேயே வழுக்கள் மிகுந்துள்ளன என்பதை மேலே காண்பாம்.

4. ஓட்டோகாட்டும் அதன் விதிகளும்

1982ஆம் ஆண்டில் ஜோன் வோக்கரும் பிறரும் ஓட்டோடெஸ்க் என்னும் நிறுவனத்தை அமைத்தனர். மைக் றிடில் என்பார் முன்னர் எழுதியிருந்த வரைதல் நிரலொன்றை அடிப்படையாகக் கொண்டு ஓட்டோகாட் உருவாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் அது வெளிவந்தது. பெரும்பாலும் பெரிய கணனிகளில் இயங்கிவந்த இவ்வகைத் தொகுதியைச் சிறு கணனிக்குக் கொணர்ந்தமையே அதன் வெற்றிக்குக் காரணமாயிற்று. சிறு கணனிகளில் ஒளிப்பேனா அருமையாதலின் விசைப்பலகையே முதன்மை பெற்றது.

பழைய விதி தெளிவானது. வெறும் எண்சோடியைப் பொறித்தால் அது தனியாள்கூறு, உற்பத்தியிலிருந்து அளக்கப்படும். எண்சோடியின் முன் ‘@’ குறியை இட்டால் அது சாராள்கூறு; இறுதியாகக் குறித்த புள்ளியிலிருந்து அளக்கப்படும். ‘@100<30’ எனப் பொறித்தால் 100 அலகு தூரம், 30 பாகைக் கோணம் என்னும் முனைவாள்கூறாகும். ஒரு தலைமுறைப் படவரைஞர் இவ்விதியையே மனத்திற் பதித்தனர்.

1988இல் வெளிவந்த பத்தாம் பதிப்பு, பயனர் தாமே உற்பத்தியையும் அச்சுக்களின் திசையையும் மாற்றிக்கொள்ளும் வசதியைத் தந்தது. தெக்காட்டுக்கு இருந்த உரிமை வரைஞருக்கும் கிடைத்தது எனலாம். அதன்பின் வெறும் எண்சோடி அவ்வேளை நடைமுறையிலுள்ள பயனர் ஆள்கூற்றுத் தொகுதியிலேயே வாசிக்கப்பட்டது. மாறாத உலக ஆள்கூற்றுத் தொகுதியைக் குறிக்க உடுக்குறியை (*) முன்னிடல் வேண்டும்.

பெரிய மாற்றம் 2005ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டு வெளிவந்த ‘2006’ எனப் பெயரிய பதிப்பில் இயங்குநிலை உள்ளீடு புகுத்தப்பட்டது. பொறிக்கும் எண்கள் கீழேயுள்ள கட்டளைவரிக்குச் செல்லாமல், சுட்டியின் அருகே தோன்றும் சிறு பெட்டிக்குச் சென்றன. அப்பெட்டியின் இயல்பான விதி வேறானது. முதற் புள்ளிக்குப் பின் வரும் இரண்டாம் புள்ளியும் ஏனைய புள்ளிகளும், ‘@’ குறி இல்லாதபோதும், சாராள்கூறுகளாகவே கொள்ளப்படும். தனியாள்கூறு வேண்டின் ‘#’ குறியை முன்னிடல் வேண்டும். நாள்தோறும் வரைவோர் பெரும்பாலும் முன்னைய புள்ளியிலிருந்தே அளப்பராதலின் இம்மாற்றம் நியாயமற்றதன்று. ஆயினும் அதன் விளைவு யாது? ஒரே விரல்கள் ஒரே எண்களை ஒரே கட்டளைக்குள் பொறிக்க, எப் 12 விசையின் நிலைக்கேற்ப உரு வெவ்வேறிடத்திற்குச் செல்லும். பழைய கைநூலைப் பயின்றவரும் புதிய கணனியில் அமர்ந்தவரும் ஒருவரேயாயின் வழு நேர்வது இயல்பேயாம்.

5. நகர்த்தும் கட்டளை: ஓர் எடுத்துக்காட்டு

நகர்த்தும் கட்டளை முதலில் அடிப்புள்ளியை அல்லது இடப்பெயர்ச்சியை வினவும். பின்னர் இரண்டாம் புள்ளியை வினவும். இரண்டாம் வினாவுக்கு விடை கூறாது என்ரர் விசையை அழுத்தினால், முதலிற் கொடுத்த எண்களையே இடப்பெயர்ச்சியாகக் கொள்ளும். ஆகவே முதல் வினாவுக்குக் கொடுத்த விடை இடமா காவியா என்பது இரண்டாம் வினாவுக்குக் கொடுக்கும் விடையாலேயே தீர்மானிக்கப்படுகிறது. முன்னே கூறிய இருபொருட்டன்மை இங்கே கட்டளையின் அமைப்பாகவே நிற்பதைக் காணலாம்.

ஒரு தூணின் இடக்கீழ் மூலை (40, 30) என்னும் புள்ளியில் உள்ளது எனவும், அதனை (100, 50) என்னும் புள்ளிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும் எனவும் கொள்வாம். வேண்டிய இடப்பெயர்ச்சி (60, 20) ஆகும். அடிப்புள்ளியாக அம்மூலையைக் கொடுத்து, கட்டளைவரியில் இரண்டாம் புள்ளியாக 100,50 எனப் பொறித்தால் தூண் உரிய இடத்தை அடையும். ‘@60,20’ எனப் பொறிப்பினும் அடையும். முதல் வினாவுக்கே 60,20 எனக் கூறி என்ரர் விசையை இருமுறை அழுத்தினும் அடையும்.

இனி வழுக்களை நோக்குவாம். இயங்குநிலை உள்ளீடு நடைமுறையில் இருக்கும்போது இரண்டாம் புள்ளியாக 100,50 எனப் பொறித்தால், பொறி அதனைச் சாராள்கூறாகக் கொள்ளும். மூலை (140, 80) இற் சென்று நிற்கும். பிழையின் அளவு (40, 30). அதாவது, அடிப்புள்ளியின் ஆள்கூறுகளே பிழையாக வந்துள்ளன. அடிப்புள்ளியை 40,30 எனப் பொறித்துவிட்டு, இரண்டாம் வினாவுக்கு வெறுமனே என்ரர் விசையை அழுத்தினால் மூலை (80, 60) ஐ அடையும், ஆள்கூறுகள் இரட்டித்துள்ளன. ஆகவே பிழை தாறுமாறானதன்று. எத்தகைய தவறு நேர்ந்தது என்பதைப் பிழையின் அளவே சொல்லிவிடுகிறது.

6. பிற மூலங்கள்

ஏனைய மூலங்களைச் சுருக்கமாகக் கூறுவாம். பயனர் ஆள்கூற்றுத் தொகுதி திருப்பப்பட்டிருப்பின் உரு சரியான தூரத்திற்குப் பிழையான திசையிற் செல்லும். திருப்பப்படாது உற்பத்தி மட்டும் பெயர்க்கப்பட்டிருப்பின், இடப்பெயர்ச்சியாகக் கொடுத்த எண்கள் கெடா. சுட்டிய அடிப்புள்ளியிலிருந்து தனியாள்கூற்றுக்கு நகர்த்தும்போதே, உற்பத்தி பெயர்ந்த அளவு பிழையாகத் தோன்றும். கோணத்தைப் பொறுத்தவரை, மென்பொருள் கிழக்கைச் சுழியமாகக் கொண்டு இடஞ்சுழியாக அளப்பது இயல்பு. நில அளவையாளரோ வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளப்பர். அளவையாளரின் 30 பாகை மென்பொருளுக்கு 60 பாகையாகும். முனைகளைத் தானே பற்றும் வசதி, பொறித்த எண்களையும் அடக்கியாளுமாறு அமைக்கப்பட்டிருப்பின், உரு அயலிலுள்ள முனையொன்றிற் சென்று ஒட்டிக்கொள்ளும்; பிழை சிறியதாகவும் ஒழுங்கற்றதாகவும் இருக்கும்.

எண்களை எழுதும் வழக்கமும் வழுவுக்கு ஏதுவாகும். மென்பொருளில் காற்புள்ளி இரு கூறுகளைப் பிரிக்கும் குறி. தசமத்திற்குக் காற்புள்ளியிடும் ஐரோப்பிய நாட்டவர் 12,5 எனப் பொறித்தால் அது இரு எண்களாகிவிடும். எமது வழக்கிலோ ஆயிரங்களைப் பிரிக்கக் காற்புள்ளியிடுகிறோம். 200,000 என ஒருவர் தாளிலுள்ளவாறே பொறித்தால், பொறி கிடைக்கூறு 200, நிலைக்கூறு சுழியம் என வாசிக்கும். எவ்வித எச்சரிக்கையும் தராது.

7. இலங்கையின் அளவை வலை

இவ்வெண் இங்கே தற்செயலாகத் தரப்பட்டதன்று. இலங்கையின் தேசிய அளவை வலையில் இவ்வகை எண்களே வழங்குகின்றன. கந்தவளைத் தரவை அடிப்படையாகக் கொண்ட பழைய மீற்றர் வலை பீதுருதாலகாலை மலையை மையமாகக் கொண்டது. அம்மையத்திற்குச் சுழியம் என்னும் மதிப்பை அளிக்காமல், கிழக்கு 200,000 மீற்றர், வடக்கு 200,000 மீற்றர் என மதிப்பிட்டனர். மலையின் மேற்கிலும் தெற்கிலும் உள்ள இடங்களுக்கும் மறையெண் வராதிருத்தலே இதன் காரணம். 1999ஆம் ஆண்டுத் தரவோடு வந்த புதிய வலையில் அம்மையத்தின் எண்கள் ஒவ்வொன்றும் 500,000 ஆயின. யாழ்ப்பாண நகரின் வடக்கெண் பழைய வலையில் ஐந்து இலட்சத்தை அணுகும். புதிய வலையில் எட்டு இலட்சத்தை அணுகும். இடம் மாறவில்லை, எண்ணே மாறியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பழைய வலையில் வரைந்த காணிப்படம் ஒன்றைப் புதிய வலையில் வரைந்த படத்தோடு பொருத்த விழைவோர் அதனை 300,000 மீற்றர் கிழக்கேயும் அவ்வளவு வடக்கேயும் நகர்த்தினாற் போதும் என எண்ணக்கூடும். படம் ஏறத்தாழப் பொருந்தவும் கூடும். ஆயினும் இரு வலைகளுக்கும் அடிப்படையான தரவே வேறாதலின் வெறுங் கூட்டல் போதாது. முறைப்படியான உருமாற்றமே வேண்டும். பெரும்பிழையைக் காட்டிலும் ஏறத்தாழப் பொருந்தும் பிழையே ஆபத்தானது. அது கண்ணுக்குத் தென்படாது.

பெரும்பிழைக்கும் ஓர் உதாரணம் கூறலாம். பழைய வலையில் வரைந்த யாழ்ப்பாணத்து வீடொன்றின் மூலையை அடிப்புள்ளியாகத் தெரிந்து, இரண்டாம் வினாவுக்கு என்ரர் விசையை மட்டும் அழுத்தினால், ஆள்கூறுகள் இரட்டித்து, வீடு ஆந்திரக் கரைக்கு அப்பால் வங்கக் கடலிற் சென்று நிற்கும். திரையில் ஒன்றும் தோன்றாது. படம் அழிந்துவிட்டது என வரைபவர் அஞ்சுவார். உண்மையில் அது அழியவில்லை. காவியாக வாசிக்கப்பட்ட ஓரிடத்தாற் காவிச் செல்லப்பட்டது. வரைபடம் முழுவதையும் திரைக்குட் கொணர்ந்து நோக்கின் அது தொலைவில் ஒரு புள்ளியாகத் தென்படும். கட்டளையை மீளப்பெற்று அதனை உரிய இடத்திற் காணலாம்.

8. ஆராயும் நெறி

இதுகாறும் கூறியவற்றால் நெறியொன்று பெறப்படுகிறது. உரு தவறிச் சென்றவிடத்து உடனே மீண்டும் மீண்டும் நகர்த்த முயலலாகாது. முதலிற் பிழையை அளத்தல் வேண்டும். உரு நின்ற இடத்துக்கும் நிற்க வேண்டிய இடத்துக்கும் உள்ள வேறுபாடு அடிப்புள்ளியின் ஆள்கூறுகளுக்குச் சமமாயின், தனியாள்கூறு சாராள்கூறாக வாசிக்கப்பட்டது. உருவின் ஆள்கூறுகள் இரட்டித்திருப்பின், அடிப்புள்ளி இடப்பெயர்ச்சியாகக் கொள்ளப்பட்டது. தூரம் சரியாக இருந்து திசை தவறின், அச்சுக்களின் திசையையோ கோணம் அளக்கும் முறையையோ ஆராய்க. கூறுகளுள் ஒன்று சுழியமாகியிருப்பின் காற்புள்ளியை நோக்குக. பிழை சிறியதாய் அயலிலுள்ள முனையொன்றோடு பொருந்தின், முனைபற்றும் வசதியை நோக்குக. தனியாள்கூறோ சாராள்கூறோ என்பதை இயல்புவிதிக்கு விட்டுவிடாது, சிறு பெட்டியிற் பொறிக்குங்கால் ‘#’ அல்லது ‘@’ குறியை வெளிப்படையாக இடுதல் நன்று.

9. முடிவுரை

ஒவ்வோர் எண்சோடியின் பின்னும் ‘எங்கிருந்து?’ என்னும் வினா உண்டு. தெக்காட்டு அவ்வினாவுக்குத் தாமே விடை தெரிந்துகொண்டார். வரைபலகையில் அமர்ந்தவருக்குக் கவராயத்தின் கால் விடை கூறிற்று. கணனியில் அவ்விடையை மென்பொருள் வாளாவே நிரப்புகிறது; நிரப்பும் விதியையும் காலத்துக்குக் காலம் மாற்றியுள்ளது. இதனை அறியாது வரைபவரை மட்டும் குறை கூறுதல் நீதியாகாது. அதேவேளை, வரைபடம் திரையோடு நின்றுவிடுவதன்று. அதன்படி அத்திவாரம் வெட்டப்படும், எல்லைக்கல் நாட்டப்படும் என்பதையும் வரைபவர் மறத்தலாகாது.

எமது மாணவர்க்கு இவ்விடத்து ஓர் அனுகூலம் உண்டு. ஆள்கூறு, உற்பத்தி, இடப்பெயர்ச்சி, காவி என்னும் சொற்களைப் பாடசாலையிலேயே தமிழிற் கற்றவர்கள் அவர்கள். மென்பொருளை ஆங்கிலத்திற் பயிலும்போது, அது முற்றிலும் வேறான வித்தை என எண்ணிக் கட்டளைகளை மனனஞ் செய்ய முற்படுகின்றனர். கணித வகுப்பிற் கற்ற காவியும் திரையில் நகரும் தூணும் ஒன்றே என்பதை எடுத்துக்காட்டுதல் கற்பிப்போர் கடனாகும். அது உணரப்படின், மென்பொருளின் விதி இனியும் மாறினும் எமது மாணவர் இடர்ப்படார்.